நிலவில் நடந்தவரின் கையெழுத்து

மருத்துவமனையில் கிடந்த சிறுவன் எட்வினுக்கு, நிலவில் நடந்த ஒருவரிடமிருந்து கையெழுத்திட்ட பதில் கடிதம் வந்திருந்தது. அதை நெஞ்சில் வைத்தபடியே அவன் கண்ணை மூடிவிட்டான். அதன்பிறகுதான் அப்பா ஞானப்பிரகாசம் விண்வெளி வீரர்களின் கடிதங்களைத் தேடித்தேடிச் சேர்க்கத் தொடங்கினார். ஒருநாள், நிலவில் நடந்த அதே மனிதர் வேறு யாருக்கோ எழுதிய கடிதம் கைக்கு வந்தது. அதை மகனுடையதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு கையெழுத்துகளும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. மனிதக் கை அப்படிப் போடாது, பிரபலங்களுக்காகக் கையெழுத்துப் போடும் எந்திரம்தான் போடும்.

"நம்ம எட்வினுக்குப் போட்டவருதானா?" என்று கேட்டபடி மனைவி லூர்து வந்தாள்.

அவர் காகிதங்களை அவசரமாகப் பிரித்தார். "அவரேதான். அதே கை."

லூர்து மகனின் கடிதத்தை வாங்கி, அந்தக் கையெழுத்தை விரலால் தடவினாள். "அவருக்கு எம்புட்டு சோலி கெடந்திருக்கும்! நம்ம புள்ளைக்காக ஒக்காந்து போட்டிருக்காரு, பாருங்க."