நாற்பது சட்டை

வரி கட்ட மாட்டோம் என்று தெருவே முடிவெடுத்திருந்தது. கூட்டத்தில் தையல்காரரின் மச்சினன் போட்ட சத்தம்தான் பெரிது.

மறுவாரமே நகராட்சியிலிருந்து தையல்காரருக்கு ஆர்டர் வந்தது. நாற்பது சீருடைச் சட்டைகள்.

"வரிதானே கட்ட மாட்டோம்னோம்? வேலை வேண்டாம்னா சொன்னோம்?" என்று மனைவியிடம் சிரித்துக்கொண்டே துணியை வெட்ட ஆரம்பித்தார்.

முப்பத்தொன்றாவது அளவுச் சீட்டில் கத்தரி நின்றது. இடது தோள் ஒன்றரை அங்குலம் இறக்கம். பதினைந்து வருடமாக அவர் சட்டை தைத்துக் கொடுத்த தோள்.

சாயங்காலம் மச்சினன் வந்ததும் சீட்டை நீட்டினார். "உன் அளவு இதுல எதுக்குடா?"

அவன் கதவைச் சாத்தினான்.

"வரி கட்டாத வீட்டுல ஜப்தி பண்ற வேலைக்கு, மாமா. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. நாளைக்கு முதல் வீடே உங்களுதுதான். மிஷினை மட்டும் கடைசியா எடுக்கச் சொல்லியிருக்கேன். மீதிச் சட்டையைத் தச்சு முடிக்கணும்ல?"