டாங்கி பற்றிய அடிப்படை அறிவு

வந்திருந்த மின்னஞ்சலைப் பெனிஷா ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டாள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டத்தான் வாய் வரவில்லை.

"இன்னா போட்டுகீறான்? எடுத்துகினானா இல்லியா?" என்றார் பால்ராஜ். ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையை அவர் இன்னும் கழற்றவில்லை.

அது சம்பளமில்லாத வேலை. தமிழில் வீடியோ கேம் விமர்சனம் போடும் ஓர் இணையதளம், தன்னார்வ எழுத்தாளர்கள் தேவை என்று அறிவித்திருந்தது. சம்பளம் கிடையாது, பயணப்படி கிடையாது. கட்டுரைக்கு மேலே எழுதியவர் பெயர் வரும், அவ்வளவுதான்.

அது ஒன்றுதான் பால்ராஜுக்கு வேண்டியிருந்தது.

வேலையில் இருந்த காலம் முழுக்க அறிக்கை எழுதிக்கொண்டே இருந்தவர். எதிலும் அவர் பெயர் வராது, ஓர் எண் மட்டும் வரும். ஓய்வு பெற்ற பிறகு தேவாலயத்தின் பங்கு மலருக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். அது 'பங்கு மக்களில் ஒருவர்' என்று வெளியானது.

அறுபத்தொரு வயதில் ஒருவருக்குத் தன் பெயரைப் பார்க்க ஆசை வந்தால் அதைக் கேலி செய்யக் கூடாது. பெனிஷா கொஞ்சம் கேலி செய்தாள்.

செய்யாமல் எப்படி இருப்பது? விண்ணப்பத்தோடு அவர் பாஸ்போர்ட் அளவு புகைப்படம் இரண்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பங்குத்தந்தை கையெழுத்துப் போட்ட நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாவற்றையும் இணைத்திருந்தார். பாரிவாக்கத்தில் ஸ்கேன் மங்கலாக வந்தது என்று பூந்தமல்லி வரை பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தார். சும்மா செய்கிற வேலைக்குத்தான் நன்னடத்தை இன்னும் அதிகமாக வேண்டும் என்பது அவர் கட்சி.

மாதிரிக் கட்டுரைக்கு அவர் எடுத்துக்கொண்டது, மருமகன் பிராங்க் விளையாடும் ராணுவ டாங்கிச் சண்டை. மருமகன் வேலைக்குப் போன நேரத்தில், அவனுடைய கணக்கிலேயே நாலு நாள் விளையாடிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினார். பெனிஷா அதை மூன்று பக்கமாகக் குறைத்துத் தட்டச்சு செய்தாள்.

"வாசிம்மா. நீயே படிச்சிகினு இருந்தா எனக்கு எப்டித் தெரியும்?"

வாசித்தாள்.

புகைப்படமும் சான்றிதழும் தேவையில்லை என்றது முதல் வரி. நடை நன்றாக இருக்கிறது என்றது இரண்டாவது வரி. மூன்றாவது வரியில், ராகேஷ் என்கிற தலைமை விமர்சகர் தன் வேலையை ஆரம்பித்திருந்தார்.

ஓட்டுபவர் காலை மடக்கியே உட்கார்ந்திருப்பதால், இறங்கியதும் கொஞ்ச நேரம் நிற்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டில் அப்படி எதுவும் வருவதில்லை. எஞ்சின் சூடானால் உள்ளே ஒரு டீசல் நெடி வரும், அது ராத்திரிச் சாப்பாட்டில்கூடத் தெரியும் என்கிறீர்கள். இது வெறும் கற்பனை. சரிவில் இந்த வேகத்தில் திருப்பினால் சக்கரச் சங்கிலி கழன்றுவிடும் என்று குறை சொல்கிறீர்கள். எங்கள் குழுவில் யாருக்கும் இதுவரை கழன்றதில்லை.

'உங்களுக்கு டாங்கி பற்றிய அடிப்படை அறிவு போதவில்லை. சொந்தக் கணக்கில் இருநூறு மணி நேரம் விளையாடிவிட்டு மறுபடி விண்ணப்பிக்கவும்.'

பெனிஷாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்த ராகேஷுக்கு நாலு வரி பதில் எழுத அவளுக்குக் கை பரபரத்தது. வேண்டாம் என்று அப்பா தலையை ஆட்டினார். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. சம்பளமில்லாத வேலையில் வந்தாலும் அவமானம் அவமானம்தான்.

சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என் பேர்ல ஒரு கணக்கு தொறந்து குடு."

திறந்து கொடுத்தாள். பெயர் கேட்டது. பால்ராஜ் என்று ஒற்றை விரலால் அவரே தட்டினார். அடுத்து, பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்ய, விளையாட்டு ஒரு கேள்வி கேட்டது.

இதற்கு முன் டாங்கி ஓட்டியிருக்கிறீர்களா?

பால்ராஜின் விரல் அப்படியே நின்றது.

ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம். செய்து முடித்த ஒவ்வொரு டாங்கியையும் சோதனைத் தடத்தில் முதல் ஆளாக ஓட்டிப் பார்த்து, குறைகளை எழுதிக் கொடுத்து, எல்லாம் சரியான பிறகே படைக்கு அனுப்புவது அவர் வேலை. உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். கட்டுரையில் ஆசையில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டோமோ என்று இந்த ஒரு வாரமாக அவருக்கு உள்ளூர பயம். ராகேஷ் அதைக் கற்பனை என்றபோது, வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது.

"இன்னாப்பா யோசிக்கிறீங்க? அதான் உண்மையாச்சே, போடுங்க" என்றாள் பெனிஷா.

ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள் காத்திருந்தன.

பால்ராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இல்லை என்பதை அழுத்தினார்.