குலுக்கக் கூடாத குப்பி

ஒரகடம் சாலையோர மருத்துவமனையின் அவசரப் பிரிவில், மதிய வெயில் கண்ணாடிக் கதவு வழியே நுழைந்து நர்ஸ் ரஞ்சனியின் கையிலிருக்கும் சின்னக் குப்பியில் பட்டு நிற்கிறது. குப்பிக்குள் தண்ணீர் விட்ட வெள்ளைப் பொடி. அது கரைந்து உடம்பில் ஏறினால்தான், திரைக்கு அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் ஏறிய தொடையோடு கிடக்கும் முப்பிடாதிக்கு ரத்தம் உறையும். உறைய வைக்கும் சரக்கு அவன் உடம்பில் தீர்ந்துவிட்டது. கட்டுக்கு மேல் கட்டுப் போட்டும் பஞ்சு சிவந்துகொண்டே இருக்கிறது. அறைத்தோழன் வேல்ராஜ், விலை குறைக்காத கடைக்காரியைச் சுற்றுகிறவன் மாதிரி, சேஃப்டி ஷூ டக்டக்கென அவளைச் சுற்றுகிறான்.

"நல்லா குலுக்குங்க தாயி!"

"குலுக்குனா நுரை கட்டிக்கும்ணா. உங்க ஃப்ரெண்டுக்கு நுரையவா ஏத்தச் சொல்றீங்க?" அவள் குப்பியை மெதுவாகச் சுழற்றுகிறாள்.

"கரைஞ்ச மட்டுக்கும் ஏத்துங்க. மிச்சத்தப் பெறவு பாத்துக்கிடலாம்."

"இன்னாண்ணா, பேரம் பேசிக்கினு கீறீங்க? முழுசா கரையணும்."

"எங்க கம்பெனி லைன்ல இப்படிச் சுத்திக்கிட்டு நின்னா சூப்பர்வைசர் தொலைச்சிருவாரு."

வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. அவன் திரும்பவில்லை. கடைசித் துணுக்கும் கரைய, வெயில் தடையில்லாமல் குப்பிக்குள் போய் வருகிறது. மருந்தை ஊசியில் இழுத்துக்கொண்டு ரஞ்சனி திரைக்குள் போகிறாள். "பஞ்ச மாத்தாதீங்க, இதுவும் சிவக்குதான்னு பாப்போம்" என்று டாக்டரின் குரல் கேட்கிறது. ஷூச் சத்தம் நின்றுவிட்டது. வேல்ராஜின் வெறுங்கை மட்டும், குப்பியைப் பிடித்திருப்பது போல, நுரை கட்டாமல் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது.