இனிமேல் ஜாம் இல்லை

மலேசியாவின் கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் விடியுமுன் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் திருச்செல்வத்துக்கு ஐரோப்பாவில் வெல்டர் வேலை கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு இத்தாலியில் குடியிருக்கலாம் என்றான்.

"இனிமே பிள்ளை முழிச்சிருக்கும்போதே அவ மூஞ்சியப் பார்ப்பேன். ஜாம் கிடையாது, கியூ கிடையாது!"

அந்தச் சந்தோஷத்தில் மனைவி சாந்தினி அவனுடைய கிழிந்த மழைக்கோட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

எந்த ஊர் என்பதுதான் பாக்கி.

"ரோம் போலாங்க."

"ரொம்ப தூரம் லா."

"வெனிஸ்?"

"வீட்டு வாசல்லயே தண்ணி. சிகாமட்டுல பொறந்து வெள்ளத்தப் பார்த்தது பத்தலையா?"

"அப்ப மிலான்."

"அதுவும் தூரம். கோமோதான் சரி. பார்டர் பக்கத்துலயே இருக்கு."

"பார்டர் நமக்கு எதுக்குங்க?"

"வேலை சுவிட்சர்லாந்துலதானே! அங்க வாடகை கழுத்த அறுக்குது. இத்தாலியில வீடு எடுத்துக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினா பார்டர்ல ஜாம் இருக்காது."

சாந்தினி எழுந்து போய்க் குப்பைத்தொட்டியிலிருந்து மழைக்கோட்டை எடுத்து உதறினாள். மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"ஐரோப்பாவுக்கு இது எதுக்கு?"

"அங்கயும் கியூவுல மழை பெய்யும்ல!"