இடது கட்டைவிரல்

அட்டைப்பெட்டிப் பட்டறையின் ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. கேக் பெட்டி மடிப்பதில் அவள் கைக்கு ஈடில்லை. கண்மூடித் திறப்பதற்குள் தட்டை அட்டை பெட்டியாகி நிற்கும். புதியவர்களுக்குக் உட்கார்ந்தபடி கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்தால் வலிக்கிற முழங்கால் பிழைக்கும். அதற்காகத்தான் அவள் மடிப்பதைப் படமெடுக்க மேற்பார்வையாளர் போனைப் பிடித்தபடி எதிரில் நிற்கிறார். "மெதுவா மடிங்கக்கா, பாக்கறவங்களுக்குப் புரியணும்ல." மெதுவாக மடிக்கிறாள். வலது கை இடது கைக்காகக் காத்திருக்கிறது. இடது கை எதற்கென்று தெரியாமல் விழிக்கிறது. உள்ளே செருக வேண்டிய அட்டையின் காது கிழிகிறது. அடுத்த பெட்டியும் அப்படியே. பக்கத்து மேசையில் நாத்தனார் பசை தடவிக்கொண்டே கேட்கிறாள்: "அண்ணி, காலைல கேஸை அணைச்சீங்களா?" "ஐயோ, அணைச்சேனே... அணைச்சேனா?" அவள் கூரையைப் பார்த்து யோசிக்கிறாள். கீழே கைகள் சரசரவென்று ஒரு பெட்டியை மடித்து முடித்துவிடுகின்றன. "நான்தான் அணைச்சேன். நீங்க பெட்டியப் பாருங்க," என்று நாத்தனார் சிரிக்கிறாள். மேற்பார்வையாளர் அப்போது எடுத்த படத்தை மெதுவாக ஓடவிட்டு போனை நீட்டுகிறார். திரையில், காது உள்ளே நுழையும் முன்பே அவளுடைய இடது கட்டைவிரல் அதை லேசாக வளைத்துவிடுகிறது. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததே இல்லை. "அடி கள்ளி, இதையா பண்றே?" என்று விரலைக் கேட்கிறாள். பிறகு புது அட்டை ஒன்றை எடுக்கிறாள். "இப்போ எடுங்க தம்பி. கட்டைவிரல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்."