இரண்டு காற்புள்ளிகள்

ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் மூளையைப் படமெடுப்பார்கள். கை நடுங்கும் நோயாளி தொர்கில், அதுவரை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் துறைமுகத்தில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினார்.

"மறுபடி ஏன் வந்தீங்க?" நர்ஸ் சிரித்தாள். "அப்பவே படம் எடுத்தாச்சே. மரக்கட்டையாட்டம் அசையாம படுத்திருந்தீங்க!"

திரையில் தெரிந்த மூளைப் படத்தில் இரண்டு வெளிச்சக் காற்புள்ளிகள். பார்க்கின்சன் நோய் தொடங்கியிருந்தால் வால் தேய்ந்து வெறும் புள்ளிகளாகியிருக்கும். மேலே அவர் பெயர், அவர் பிறந்த தேதி.

வேலையிலிருந்து ஓடிவந்த மனைவி மெரேட்டே கட்டிக்கொண்டு அழுதாள். "வீணா பயந்து செத்தேனே, மனுஷா!"

தொர்கிலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. படமெடுத்த நேரத்தில் தான் துறைமுகத்தில் நின்றதை மறைத்துவிட்டார்.

மேஜையில், படமெடுக்கும் முன் வாங்கிய சம்மதப் படிவம் கிடந்தது. இரண்டு வருஷமாக எறும்பாய்ச் சிறுத்துப்போன அவர் கையெழுத்து, அதில் பழையபடி பெரிதாக நிமிர்ந்து நின்றது.

"வா, கேக் வாங்கிட்டுப் போலாம்" என்று சொல்லி, நடுங்கும் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார்.