மாமா கொடுத்த நாற்காலி

"உட்காரு மச்சான். என்ன கூச்சம்? இனிமே உன் நாற்காலிதானே!"

மூட்டைகளுக்கு லேபிள் அடிக்கும் அறையில் யாரையும் தொடவிடாத தன் சுழல் நாற்காலியை மாமாவே இழுத்துப் போட்டார். மச்சான் அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அவன் மாமாவின் பெண்டாட்டிக்குத் தம்பி. கீழே லோடு ஏற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டது. "இவனுக்கு லேபிள் அடிக்கக் கத்துக்குடுங்க. ஒரு ஆள் வேலைதானே அது?" என்று மேனேஜர் மேலே அனுப்பிவிட்டார்.

அந்த 'ஒரு ஆள்' மாமாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. இவன் கற்றுக்கொண்டால் கீழே போய் மூட்டை தூக்கப்போவது யார் என்று அவருக்குத் தெரியாதா? வீட்டில் வேறு, "என் தம்பிக்கு ஒழுங்கா சொல்லிக்குடுத்தீங்களா?" என்று கேட்காமல் அவள் சாப்பாட்டுத் தட்டை வைப்பதில்லை.

எதிரே கறுப்புத் திரை. படம் கிடையாது, பட்டன் கிடையாது. ஒற்றை டாலர் குறி மட்டும் முழித்துக்கொண்டு நின்றது. எழுத்தால் கட்டளை போட்டால் செய்யும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும்.

"ஆர், எம். கொஞ்சம் இடம் விட்டு ஒரு நட்சத்திரக் குறி. எந்த ஃபோல்டருக்குள்ள நிக்கிறோமோ அதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். நீ பழகிப் போட்ட குப்பையெல்லாம் போயிடும்."

குப்பையாவது! காலையிலேயே வந்து, கம்பெனி ஆர்டர்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் திரையை நிறுத்திவைத்திருந்தார் மாமா. ஆர்டர்களின் நகல் அவர் சட்டைப்பையில், பென் டிரைவில். இவன் அழிப்பான், மேனேஜர் குதிப்பார், மாமா வந்து காப்பாற்றுவார். மச்சான் மூட்டையைக் கட்டுவான்.

மச்சான் விரலைத் தூக்கினான். கதவு படாரென்று திறந்தது.

"லேபிள் வராம வண்டிய எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்!" லாரி டிரைவர்.

"கத்தாதய்யா, காது இருக்கு!"

மாமா குறுக்கே குனிந்து, முதுகால் மச்சானை மறைத்துக்கொண்டு படபடவென்று தட்டினார். லேபிள் அடிக்கும் புரோகிராம்கள் அவரே எழுதியவை, அவருடைய சொந்த ஃபோல்டருக்குள் போய் நின்றால்தான் ஓடும். அவற்றுக்கு எங்கும் நகல் கிடையாது. நகல் வைத்தால் அடுத்தவன் கைக்குப் போகும், அப்புறம் இவரை எவன் மதிப்பான்?

பிரிண்டர் துப்பியதைக் கிழித்து டிரைவர் கையில் திணித்து, கதவைச் சாத்தினார்.

"ம்... அடி."

"மாமா, அழிக்கிறதுக்கு முன்னால பி டபிள்யூ டி அடிச்சு, எங்க நிக்கிறோம்னு பார்க்கணும்னு முந்தாநாள் சொன்னீங்களே?"

இவன் ஃபோல்டர் பேரைப் படித்துவிட்டால் காரியம் கெட்டது.

"எனக்கே பாடமா? நான் பக்கத்துல நிக்கிறேன்ல! எல்லாம் குப்பை. அடிடா!"

மச்சான் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தான். என்டர். திரையில் மறுபடி டாலர் குறி.

"ஒண்ணுமே சொல்லலையே மாமா?"

"தப்புன்னாதான் அது வாயைத் திறக்கும். உங்கக்கா மாதிரியா?"

சொல்லிக்கொண்டே மாமா மேனேஜர் அறைக்கு ஓடினார். "சார், மோசம் போயிட்டோம்! படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்காம ஆர்டரையெல்லாம் அழிச்சுட்டான்!"

மேனேஜர் முகம் வெளுத்து, தன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். பிறகு அதே முகம் சிவந்தது.

"எல்லா ஆர்டரும் இங்க இருக்கே! விளையாடுறீங்களா? போங்க, அடுத்த வண்டி காத்துக்கிட்டு நிக்குது. லேபிள் அடிங்க."

மாமா திரும்பி வந்து மச்சானைத் தள்ளிவிட்டுத் தாமே பி டபிள்யூ டி அடித்தார். திரையில் அவருடைய சொந்த ஃபோல்டரின் பெயர் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு அடித்தார். ஒரு புரோகிராம்கூட இல்லை, டாலர் குறி மட்டும் முழித்தது.

"டேய் பாவி, என்ன காரியம்டா பண்ணினே!"

முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்த மச்சான் திருதிருவென்று விழித்தான்.

"எல்லாம் குப்பைன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"